எட்டுச் சக்கரங்களும் எண்பது மிஷின்களும்

போன வருடம் லியோனில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தேன். அங்கே நான் செய்த உருப்படியான வேலை என்று சொன்னால், அவளுடைய தையல் மிஷினுக்குச் சக்கரம் மாற்றிக் கொடுத்ததுதான். தையல் மிஷினுக்குச் சக்கரமா, கைச்சக்கரமா கால்சக்கரமா என்று கேட்பீர்கள். இரண்டும் இல்லை. தள்ளுவண்டிக்கு இருப்பது போல, மிஷினே உருண்டு ஓடுவதற்கான சக்கரம்.

மகள் 'கில்ட்' தைக்கிறாள். மேலே துண்டுத் துணிகளை இணைத்த ஒரு விரிப்பு, நடுவில் பஞ்சுத் தகடு, அடியில் இன்னொரு துணி. மூன்றையும் சேர்த்துப் பூவும் கொடியுமாகத் தையல் ஓட்டினால் குளிர்காலப் போர்வை. மேல் விரிப்பை அந்த ஊர்ப் பெண்கள் அவரவர் வீட்டில் இணைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மூன்றடுக்கையும் சேர்த்துத் தைப்பது இவள் வேலை, கூலிக்கு. நம் வீட்டு மிஷினில் ஊசி ஒரே இடத்தில் ஏறி இறங்கும், துணியை நாம் நகர்த்துவோம். இரட்டைக் கட்டில் போர்வையை அப்படி நகர்த்த முயன்று பாருங்கள், தோள் கழன்றுவிடும். அதனால் இவளுடைய மிஷினில் துணி உருளைகளில் இழுத்துக் கட்டப்பட்டு நிற்கிறது. நீண்ட கழுத்துள்ள மிஷின் அதன்மேல் ஓடுகிறது. கைப்பிடியைப் பிடித்து, பலகையில் எழுதுவது போல எழுதிக்கொண்டே போகலாம்.

ஆபீசில் காலமெல்லாம் டைப் அடித்தவனுக்கு இது உடனே பிடிபட்டது. பழைய டைப்ரைட்டரில் எழுத்துக் கம்பி ஒரே இடத்தில் அடிக்கும், காகிதம் சுற்றிய வண்டி நகரும். 1961-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த செலக்ட்ரிக்கில் காகிதம் நிற்கும், எழுத்து உருண்டை நகரும். அதே கதை.

மகளின் மிஷினில் எட்டுச் சக்கரங்கள். நான்கு, மேசையின் நீளவாட்டில் உள்ள தண்டவாளத்தில் வண்டியை இடமும் வலமும் ஓட்டும். அந்த வண்டியின் மேல் மிஷின் வேறு நான்கு சக்கரங்களில் முன்னும் பின்னும் போகும். நேர்கோடு போட நான்கு போதும். வட்டம் போட எட்டும் ஒன்றாக ஒத்துழைக்க வேண்டும். ஒரு சக்கரம் அடம்பிடித்தாலும் வட்டம் படிக்கட்டாகிவிடும். அவளுடைய வட்டங்கள் அப்படித்தான் ஆகியிருந்தன.

கழற்றிப் பார்த்தேன். பிளாஸ்டிக் சக்கரங்கள். வாரக்கணக்கில் ஒரே இடத்தில் கனமான மிஷின் நின்றதால் இரண்டில் அடிப்பக்கம் தட்டையாகியிருந்தது. மற்றவற்றின் அச்சில் நூலும் பஞ்சும் முடிச்சாகச் சுற்றியிருந்தன. நல்ல பால் பேரிங் வைத்த புதிய சக்கரங்களை வரவழைத்தாள். மாட்டுவது பெரிய வித்தை இல்லை. மருமகன் மிஷினை ஒரு பக்கம் தூக்க, அடியில் கட்டை வைத்து, ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போடவேண்டும். போல்ட்டை இறுக்கி முடுக்கினால் சக்கரம் சுற்றாது, தளர்த்தினால் ஆடும்; விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்துத்தான் அந்த இடத்தைப் பிடிக்கவேண்டும். முடித்து நிமிர்ந்தால் மிஷின் தைக்கவே மறுத்தது! தண்டவாளத்தை உரசிக்கொண்டு ஒரு குட்டிச் சக்கரம் உண்டு. மிஷின் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று அதுதான் மோட்டாருக்குச் சொல்லும். அதைக் கேட்டுத்தான் தையல் எல்லாம் ஒரே அளவில் விழும். புதிய சக்கரங்கள் கொஞ்சம் பெரியவை, மிஷின் ஒரு நூல் உயர்ந்துவிட்டது, குட்டிச் சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. அதை இறக்கி வைக்கவே ஒரு மத்தியானம் போயிற்று. பிறகு ரசமட்டம் வைத்து மேசைக் கால்களைச் சரிசெய்தோம். மட்டம் தவறினால் கையை எடுத்ததும் மிஷின் தானாக ஒரு மூலைக்கு ஓடிவிடும்.

அதற்குக் கூலியாக மகள் என்னை அம்ப்ளப்புய்க்கு அழைத்துப்போனாள். பலநாள் ஆசை. லியோனிலிருந்து ரோவான் போகும் ரயில் பாதையில் அது ஒரு சிற்றூர். அந்தப் பாதையில் வரிசையாக வரும் லார்ப்ரெல், தரார், அம்ப்ளப்புய் என்ற மூன்று ஊர்களிலேயே ஒரு மனிதனுடைய கதை அடங்கிவிடுகிறது. பர்தெலெமி தீமோனியே. 1793-ல் லார்ப்ரெலில் பிறந்தவர், தையற்காரர். தரார் மஸ்லின் துணிக்குப் பேர்போன ஊர். அந்த வட்டாரத்துப் பெண்கள் கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போட்டுப் பூவேலை செய்வதைப் பார்த்து, இதை ஒரு இயந்திரம் செய்யாதா என்று யோசித்தார். 1830-ல் காப்புரிமை வாங்கினார். பெரும்பகுதி மரத்தால் ஆன, காலால் மிதிக்கிற மிஷின். ஒற்றை நூல்தான், நுனியை இழுத்தால் தையல் முழுக்கப் பிரிந்துவரும். இருந்தாலும் அது தைத்தது. அமெரிக்காவில் எலியாஸ் ஹவ் காப்புரிமை வாங்கியது 1846-ல், சிங்கர் 1851-ல்.

பாரிசில் செவ்ர் தெருவில் எண்பது மிஷின்களோடு ராணுவ உடை தைக்கும் பட்டறை வைத்தார்கள். 1831 ஜனவரியில் தையற்காரர்கள் கூட்டமாகப் புகுந்து அவற்றை உடைத்து நொறுக்கினார்கள். கடைசியில் தீமோனியே ஊருக்கு நடந்தே திரும்பினார், முதுகில் மிஷினைச் சுமந்து, வழியில் வேடிக்கை காட்டிச் சாப்பிட்டுக்கொண்டு என்பார்கள். பிறகும் விடாமல் மிஷினைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1857-ல் ஏழையாக அம்ப்ளப்புயில் செத்துப்போனார்.

இந்தக் கதையை முதலில் கேட்டபோது எனக்குப் பதினொரு வயது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழிப் பள்ளி. எங்கள் மிசியே நன்றாகக் கதை சொல்வார். உடைத்த தையற்காரர்களை முட்டாள்கள் என்றார். எந்த முன்னேற்றத்துக்கும் இப்படிப்பட்டவர்கள் குறுக்கே வருவார்கள் என்றார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதைத் தாத்தாவிடம் சொல்லி மறுபடி சிரித்தேன்.

தாத்தா கையால் தைத்தவர். சொல்தாக்களுக்குக் கோட்டு தைத்துப் பேர் வாங்கியவர். அப்பா தவணைக்கு ஒரு மிதி மிஷின் வாங்கிவந்த நாளிலிருந்து பல மாதம் மகனோடு பேசவில்லையாம்; அம்மாதான் நடுவில் தூது. பிறகு பேசினார், ஆனால் மிஷினைத் தொடவில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளில் அவர் கடை வாசலில் பாய் போட்டு உட்கார்ந்து, அப்பா மிஷினில் தைத்துப் போடுகிற சட்டைகளுக்குக் காஜா எடுத்து, பட்டன் வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பாயில் இருந்தபடியே நான் சொன்னதைக் கேட்டார்.

"அந்த ஆளுங்க அப்புறம் என்ன சாப்பிட்டாங்களாம்?" என்றார்.

"யாரு தாத்தா?"

"உடைச்சவங்க."

மறுநாள் மிசியேவிடம் கேட்டேன். அது பாடத்தில் இல்லை, உட்கார் என்றார். தாத்தாவும் அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவரிடம் போய்ச் சிரித்தோமே என்பது எனக்கு உறைத்தது அவர் போய் வெகுகாலம் கழித்துத்தான்.

அம்ப்ளப்புயில் தீமோனியே பெயரில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. தையல் மிஷினுக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து ஒரே அருங்காட்சியகம். இதென்ன பொருத்தம் என்று முதலில் தோன்றியது. யோசித்தால் சரிதான். இங்கிலாந்தில் கவென்ட்ரியில் தையல் மிஷின் செய்த கம்பெனிதான் 1869-ல் சைக்கிளுக்குத் தாவியது. ஜெர்மனியில் ஓப்பல் 1862-ல் தையல் மிஷினில் ஆரம்பித்து, 1886-ல் சைக்கிளுக்குப் போய், 1899-ல்தான் காருக்கு வந்தது. இரண்டு பொருளுக்கும் வேண்டியது ஒன்றே: சின்ன இரும்புப் பாகங்களைத் துல்லியமாகக் கடைந்தெடுக்கிற கை.

நான் மாட்டிய சக்கரத்துக்குள் இருந்த சமாசாரமும் சைக்கிளிலிருந்து வந்ததுதான். 1869-ல் ஜூல் சூரிரே என்ற பாரிஸ் மெக்கானிக், சைக்கிள் சக்கரத்துக்குப் பால் பேரிங் வைக்கக் காப்புரிமை பெற்றார். அதே வருடம் நவம்பரில் பாரிசிலிருந்து ரூவான் வரை 123 கிலோமீட்டர் சைக்கிள் பந்தயம். ஜேம்ஸ் மூர் என்பவர் பேரிங் வைத்த சைக்கிளில் பத்தே முக்கால் மணி நேரத்துக்குள் ஓட்டி ஜெயித்தார். அச்சும் சக்கரமும் நேரடியாகத் தேய்த்துக்கொண்டிருந்த இடத்தில் நடுவே குண்டுகள் உருண்டன, அவ்வளவுதான் விஷயம்.

திரும்பும் ரயிலில், தாத்தா கேட்டதை மகளிடம் சொன்னேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, சக்கரம் மாற்றியதன் காரணத்தைச் சொன்னாள்.

கில்ட் உலகத்திலும் இந்தச் சண்டை உண்டாம். கையால் தைத்தால்தான் கில்ட், மிஷினில் ஓட்டினால் அது வெறும் போர்வை என்று ஒரு கட்சி. 1989-ல் அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்துப் பதூக்கா நகரக் கண்காட்சியில் காரில் பிரையர் ஃபாலர்ட் என்ற பெண்மணி மிஷினில் தைத்த கில்ட்டுக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். அங்கே மிஷின் வேலைக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல்முறை. பெரிய ரகளையாம். அந்தக் காலத்தில்தான் மிசௌரியில் கென் காமில் என்பவர் இந்த நீண்ட கழுத்து மிஷின்களைச் செய்து விற்றுக்கொண்டிருந்தார். இப்போது அந்தச் சண்டை ஓய்ந்து, அடுத்தது வந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் படத்தைக் கொடுத்துவிட்டால் மோட்டாரே மிஷினை இழுத்துக்கொண்டு போய் முழுப் போர்வையையும் தைத்துவிடும். கைப்பிடியை யாரும் தொடவேண்டாம். பக்கத்து ஊரில் ஒருவர் அதை வாங்கியிருக்கிறார். மகளுக்கு வழக்கமாக வேலை கொடுத்த இரண்டு பேர் அங்கே போய்விட்டார்கள். குறை சொல்ல முடியாது, கூலி குறைவு, ஒரு தையல் பிசகுவதில்லை. அதை வாங்க மகளிடம் பணமில்லை. "படிக்கட்டு வட்டம் போட்டுக் கொடுத்தால் மீதிப் பேரும் போயிடுவாங்கப்பா" என்றாள்.

நாற்பது வருடம் கோப்பு பார்த்தவன் நான். எங்கள் பிரிவுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது டைப்பிஸ்ட்டுகள் சாப்பாட்டு நேரத்தில் கூடிப் பேசியதைக் கேட்டிருக்கிறேன். யாரும் எதையும் உடைக்கவில்லை, மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. செவ்ர் தெருவில் புகுந்தவர்களுக்கு அது இல்லை. மிசியே இருந்தால் இதைச் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் மிஷின் முன்னால் போய் நின்றாள். ஊசியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பேனாவைக் கட்டினாள், அடியில் காகிதம் விரித்தாள். கைப்பிடியைப் பிடித்து ஒரு தட்டு அளவுக்கு வட்டம் போட்டாள். புறப்பட்ட இடத்திலேயே கோடு வந்து சேர்ந்தது. அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. சத்தமே இல்லை. நான் சமையலறைக்குப் போய் இரண்டு பேருக்கும் காபி போட்டேன்.