காதால் படிப்பதும் படிப்புதான்



பள்ளிக்கரணையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி என் பழைய மாணவி ஒருத்தி இருக்கிறாள். மகனை வீட்டிலேயே படிக்க வைத்து, தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வைக்கப்போகிறாள். கெட்டிக்காரப் பையன். ஆனால் டிஸ்லெக்சியா இருப்பதால் ஒரு பக்கம் வாசிப்பதற்குள் களைத்துவிடுகிறான். அதனால் பாடங்களை ஒலிப்பதிவில் கேட்கிறான். "காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் படிப்பாகுமா?" என்று வீட்டுப் பெரியவர்கள் அவன் காதுபடவே பேசுகிறார்களாம். முப்பது வருடம் வரலாறு நடத்தியவன் என்ற உரிமையில் அவர்களுக்கு என் பதில் இது.

'கல்வி கேள்விகளில் சிறந்தவர்' என்று சொல்கிறோமே, அங்கே கேள்வி என்றால் வினா இல்லை, கேட்டு அறிவது. திருக்குறளில் 40ஆம் அதிகாரம் கல்வி, 42ஆம் அதிகாரம் கேள்வி. இரண்டுக்கும் வள்ளுவர் தனித்தனி இடம் கொடுத்திருக்கிறார்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளை கையிலும் சுவடி கிடையாது. சட்டாம்பிள்ளை சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். எண்சுவடியும் ஆத்திசூடியும் அப்படித்தான் மனதில் ஏறின.

பாடப்புத்தகத்தை ஒலிப்பதிவு செய்யும் வேலைக்குப் பின்னால் ஒரு போர் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த அமெரிக்க வீரர்கள் கல்லூரியில் சேர விரும்பினார்கள். படிப்புச் செலவை அரசு ஏற்றது. பாடப்புத்தகத்தை வாசிக்கத்தான் வழியில்லை. 1948-இல் நியூயார்க்கில் ஆன் மெக்டொனால்ட் என்ற பெண்மணி தன்னார்வலர்களைத் திரட்டி, புத்தகங்களை வாசித்துத் தட்டுகளில் பதிவு செய்து கொடுத்தார். அந்த அமைப்பு பின்னாளில் டிஸ்லெக்சியா உள்ள மாணவர்களுக்கும் உதவியது.

நம் நாடும் பின்தங்கிவிடவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்காகப் புத்தகத்தை ஒலிவடிவில் மாற்றுவதற்கு 2012-இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அதே நோக்கம் கொண்ட மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலில் ஏற்றது இந்தியாதான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்தது.

ஆனால் ஒன்று. திண்ணையில் கேட்டதோடு யாரையும் விட்டுவிடவில்லை, ஒப்பிக்க வைத்தார்கள். வீட்டிலும் அப்படியே செய்யுங்கள். பத்து நிமிடம் ஓடியதும் நிறுத்தி, கேட்டதை அவன் வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். புத்தகம் எதிரில் திறந்திருக்கட்டும். விரல் வரியோடு போகட்டும். வரைபடத்துக்கும் கணக்குக்கும் கண் வேண்டும், அங்கே ஒலிப்பதிவு மட்டும் போதாது. தேர்வில் கூடுதல் நேரத்துக்கும், சொல்வதை எழுதித் தருபவருக்கும் மருத்துவச் சான்றிதழோடு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேலி செய்யும் நேரத்தில் ஒரு பாடத்தை நிறுத்தி நிதானமாக வாசித்து, செல்போனில் பதிவு செய்து கொடுங்கள். தாத்தா குரலில் கேட்ட பாடம் பேரனுக்கு மறக்காது.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்