பாட்டு கொடுத்த தைரியம்

இந்த மலருக்கு வரலாறு பற்றி எழுதச் சொன்னார்கள். ராஜா ராணி கதை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. பாட்டுப் பாடியே உரிமையைக் கேட்டவங்க வரலாறு கொஞ்சம் தெரியும். அதை எழுதுகிறேன்.

நான் கல்யாணமாகி கோவில்பதாகைக்கு வந்தவள். பிறந்தது புதுக்கோட்டை மாவட்டம். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். "எழுதப் படிக்க வாங்க" என்று சும்மா கூப்பிட்டால் யார் வருவா? பகலெல்லாம் வயலிலும் கல்குவாரியிலும் பாடுபட்ட பெண்கள். அதனால் கலைக்குழுதான் முதலில் ஊருக்குள் வரும். மேளச் சத்தம் கேட்டு ஜனம் கூடும். கூலி, குடி, கைநாட்டு வைத்து ஏமாந்தது எல்லாம் பாட்டாகவும் நாடகமாகவும் வரும். அதைப் பார்த்த பிறகுதான் ராத்திரி வகுப்புக்கு ஆள் சேரும். எங்க அம்மா கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டது அப்படித்தான்.

எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தாங்க. அப்பல்லாம் பொம்பளை சைக்கிள் ஓட்டினால் கேலியும் கெட்ட பேச்சும்தான். அறிவொளித் தொண்டர் முத்துபாஸ்கரன், பெண்கள் சைக்கிள் கத்துக்கணும் என்று ஒரு பாட்டு எழுதினார். அது அந்த இயக்கத்துக்கே பாட்டாகிவிட்டது. தனியாகப் போகிறவளைக் கேலி பேசலாம். நூறு பேர் பாடிக்கொண்டே வந்தால் யார் பேசுவா? 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் திரண்டு வந்தாங்க. தண்ணி கொண்டுவர, காய்கறி விற்க, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக இனி யார் தயவும் வேண்டாம் என்றானது.

அது கிராமத்துக் கதை. நம்ம சென்னையிலும் அப்படி ஒரு பாட்டு உண்டு, கானா. வடசென்னை உழைப்பாளி ஜனங்களோட பாட்டு. சாவு வீட்டிலும் தெருவிலும் ஆண்கள்தான் அதிகம் பாடுவாங்க. ராயபுரத்துப் பொண்ணு இசைவாணி அதைப் பாட வந்தார். டைரக்டர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து அமைத்த 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி நடத்தியது. சாதிக் கொடுமையையும், மலக்குழியில் மனுஷனை இறக்குவதையும் மேடையில் பாடிய குழு அது. அதில் இசைவாணியும் பாடினார். 2020-ல் பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பேர் இருந்தது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? ஒருத்தி தன் கஷ்டத்தைச் சொன்னால், "அது அவ வீட்டு விவகாரம்" என்று ஊர் ஒதுங்கிவிடும். அதையே எல்லோரும் சேர்ந்து பாடினால் ஊர் விவகாரம் ஆகிவிடுகிறது. வாய் திறந்து பேசக் கூச்சப்படுகிறவளும் கூட்டத்தோடு பாடிவிடுவாள். பாடிப் பழகினவளுக்கு அப்புறம் பேச்சும் வரும்.

நம்ம குழுக்களிலும் அடி வாங்கிக்கிட்டு, "கதவுல இடிச்சிக்கிட்டேன்" என்று சொல்கிற தங்கச்சிகள் இருக்காங்க. குடும்ப வன்முறைக்கு எதிராக 2005-லேயே சட்டம் வந்தாச்சு. 181-க்கு போன் செய்தால் எந்த நேரமும் உதவி கிடைக்கும். கூட்டத்தில் இதைச் சொல்கிறோம். வீட்டுக்குப் போவதற்குள் மறந்துபோகிறது. அந்த 181-ஐ வைத்து நாமே ஒரு பாட்டுக் கட்டுவோம். தாலாட்டு மெட்டோ, நடவு மெட்டோ, கானாவோ, எதுவானாலும் சரி. அடுத்த மாதக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு எழுதுவதற்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து பாடிப் பார்ப்போம். முதல் அடி யார் எடுத்துக் கொடுக்கிறீங்க?