மெம்ஃபிஸ் அட்டையும் அதன் குச்சியும்

அந்தப் படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். தெருவை அடைத்து நிற்கும் கறுப்பின ஆண்கள், எல்லோர் கையிலும் ஒரே அட்டை: ‘ஐ ஆம் எ மேன்’. 1968 மார்ச் 28, அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரம், கிளேபார்ன் டெம்பிள் என்ற தேவாலயத்தின் முன்னால். எடுத்தவர் உள்ளூர் புகைப்படக்காரர் எர்னஸ்ட் விதர்ஸ்.

நிற்பவர்கள் மாநகராட்சிக் குப்பை அள்ளும் தொழிலாளர்கள். பிப்ரவரி 1 அன்று மழைக்கு ஒதுங்கி வண்டியின் பின்பக்கம் ஏறிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் இருவரையும் குப்பையை நசுக்கும் இயந்திரம் நசுக்கிக் கொன்றது. 12ஆம் தேதி சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

வாசகத்தை ‘நான் மனிதன்’ என்று தமிழாக்கினால் பாதிதான் வருகிறது. அங்கே ஐம்பது வயதுக் கறுப்பரையும் வெள்ளையர் ‘பாய்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பையனாம்! நம்ம ஊரில் தாத்தா வயசுக்காரரைப் பொடியன் ‘டேய்’ என்று கூப்பிட்டதைக் கேட்டவர்களுக்கு விளக்கமே வேண்டாம். ‘ஆம்’ என்ற சொல்லுக்கு மட்டும் அடிக்கோடு போட்டிருப்பதும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தது எழுத்துக்காக இல்லை, அட்டையைத் தாங்கும் மரக்குச்சிக்காக. அன்றைய ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கியவர் மார்ட்டின் லூதர் கிங். நடுவில் சில இளைஞர்கள் அதே குச்சிகளால் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள். போலீசுக்கு அது போதுமாக இருந்தது: கண்ணீர்ப்புகை, தடியடி. 16 வயது லாரி பெய்ன் போலீஸ் துப்பாக்கியில் செத்தான்.

இப்போது மறுநாள் எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். அதே அட்டை, குச்சி இல்லை. கழுத்தில் மாட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் கத்தி செருகிய துப்பாக்கிகளோடு தேசியக் காவல்படை, இன்னொரு பக்கம் கவச வண்டிகள். நடுவில் ஒற்றை வரிசையாக நடக்கிறார்கள்.

அமைதியாக ஒரு ஊர்வலம் நடத்திக் காட்டத் திரும்பி வந்த கிங், ஏப்ரல் 4 அன்று அதே ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 16ஆம் தேதிதான் நகர நிர்வாகம் சங்கத்தை ஏற்றது.

விதர்ஸ் 2007இல் இறந்தார். அவர் எஃப்.பி.ஐ.க்குத் தகவல் கொடுத்து வந்தவர் என்று 2010இல் மெம்ஃபிஸ் பத்திரிகை ஒன்று அம்பலப்படுத்தியது. படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்காகப் படம் பொய்யாகிவிடாது, அட்டை பிடித்தவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. இருந்தாலும், அவர்கள் நேராகப் பார்த்துக்கொண்டு நிற்பது அவருடைய கேமராவைத்தான்.

என் லேப்டாப்பில் முகப்புப் படமாக இருப்பது மறுநாள் எடுத்தது.