அங்கன்வாடியில் வேலை பார்த்துக்கிட்டே குழந்தைக் கல்வி படிக்கலாமா? பணம் கட்டும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியை ஒட்டி இருக்கிறது விழுப்புரம் மாவட்டத்தின் கோட்டக்குப்பம் நகராட்சி. எல்லையைத் தாண்டினால் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனா, பகல் முழுக்க அங்கன்வாடியில் பிள்ளைகளோடு இருக்கும் ஒருவரால் தினமும் கல்லூரிக்குப் போக முடியாது. அவர் வேலையை விடாமல் என்ன படிக்கலாம்? தப்பான படிப்பில் சேர்ந்தா பணமும் போகும், வருஷமும் போகும். விரிவாகப் பார்க்கலாம்.

அனுபவம் இருக்கே, படிப்பு எதுக்கு?

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ம் தேதி நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. முன்பு பணியாளர் வேலைக்குப் பத்தாம் வகுப்பு போதும். 2025-ம் ஆண்டு ஆள்சேர்ப்பில் பன்னிரண்டாம் வகுப்பு தேர்ச்சி கேட்கப்பட்டது.

2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. பாடம் நடத்த அனுப்பப்பட்டவர்கள் இடைநிலை ஆசிரியர்கள். அதே கட்டடம், அதே வயசுப் பிள்ளைகள். ஆனா, அங்கன்வாடிப் பணியாளரின் அனுபவம் ஆசிரியர் தகுதியாகக் கணக்கில் வரவில்லை. அனுபவத்துக்கு மேல் ஒரு சான்றிதழ் ஏன் தேவைப்படுது என்பதற்கு இதுவே பதில்.

அரசே பயிற்சி தருதே?

தருகிறது. 2023 மே 10-ல் மத்திய அரசு 'போஷன் பி, பதாய் பி' திட்டத்தைத் தொடங்கியது. ஊட்டச்சத்தோடு கல்வியும் என்பதே இதன் நோக்கம். தினமும் குறைந்தது 2 மணி நேரம் முன்பருவக் கல்வி தர வேண்டும் என்கிறது இந்தத் திட்டம். ஆனா இது சில நாள் பணியிடைப் பயிற்சிதான். டிப்ளமோவோ டிகிரியோ ஆகாது.

என்ன படிக்கலாம்?

முதல் படி, இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூர டிப்ளமோ. குழந்தைப் பராமரிப்பு மற்றும் முன்பருவக் கல்விக்கான படிப்பு இது. தகுதி பிளஸ் டூ. குறைந்தபட்சம் ஓராண்டு. குழந்தை நலம், ஊட்டச்சத்து, மையத்தை நடத்தும் முறை ஆகியவற்றோடு செய்முறைத் திட்டமும் உண்டு.

டிகிரியே வேணும் என்றால், இதே பல்கலைக்கழகத்தில் தொலைதூர வழியில் சமூகப் பணி இளநிலைப் படிப்பு இருக்கிறது. மனை அறிவியல் கல்லூரிகளில் மனித வளர்ச்சிப் பாடம் உண்டு. ஆனா அது தினமும் வகுப்புக்குப் போய்ப் படிப்பது, வேலையோடு ஒத்துவராது.

இங்கிலாந்தில் குழந்தைகள் மையத்தில் வேலை செய்துகொண்டே பகுதிநேரமாகப் 'பவுண்டேஷன் டிகிரி' படிக்கலாம். அங்கே பணியிடமே பாடத்தின் ஒரு பகுதி. இங்கே அந்த வாய்ப்பு டிப்ளமோவின் செய்முறைத் திட்டத்தில்தான் கிடைக்கிறது.

சேரும் முன் கவனிக்க...

* தொலைதூர டிகிரி என்றால், யுஜிசியின் தொலைதூரக் கல்விக் குழும இணையதளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரும் படிப்பின் பெயரும் இருக்கா என்று பாருங்கள். அங்கீகாரம் பெற்ற தொலைதூர டிகிரி, நேரடி டிகிரிக்குச் சமம் என்று 2022-ல் யுஜிசி தெளிவுபடுத்திவிட்டது.
* பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அப்புறம்தான் டிகிரி. இந்த வரிசை மாறினால் தமிழ்நாடு அரசு வேலைக்குச் செல்லாது. 2009-ம் ஆண்டின் அரசாணை எண் 107 சொல்வது இதைத்தான். பிளஸ் டூ முடிக்காதவர்கள் முதலில் அதை முடிப்பதே நல்லது.
* படிப்பு என்ன மொழியில், தேர்வு மையம் எங்கே என்பதைக் கட்டணம் செலுத்தும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.
* படிக்கப் போவதை வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுத்துபூர்வமாகத் தெரிவியுங்கள். தேர்வு நாட்களில் விடுப்பு கேட்க உதவும்.

படிச்சா பதவி உயர்வு கிடைக்குமா?

படிப்பு மட்டும் போதாது. மேற்பார்வையாளர் பணியிடங்களில் 50 சதவீதத்தை 5 ஆண்டு அனுபவமுள்ள, மற்ற தகுதிகளும் கொண்ட அங்கன்வாடிப் பணியாளர்களைக் கொண்டு நிரப்பலாம் என்கின்றன மத்திய அரசின் 2022 வழிகாட்டு நெறிமுறைகள். அந்த 'மற்ற தகுதிகள்' என்ற இடத்தில்தான் படிப்பு கைகொடுக்கும்.

பிள்ளைகள் பாடப் பொருள் அல்ல

செய்முறைத் திட்டத்துக்குத் தன் மையத்துப் பிள்ளைகளையே கவனித்து எழுதலாம். எந்தப் பிள்ளை எப்போது பேசத் தொடங்கியது, யார் சாப்பிட மறுக்கிறது என்பதெல்லாம் பணியாளருக்கு ஏற்கெனவே தெரியும். அதைத் தேதி போட்டு எழுதிவைத்தாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஆனா பெற்றோர் சம்மதம் இல்லாமல் போட்டோ எடுக்கக் கூடாது. பிள்ளையின் உண்மைப் பெயரையும் எழுதக் கூடாது. பணியாளரை நம்பித்தான் காலையில் பிள்ளையை விட்டுட்டுப் போறாங்க.