பொன்னி நெல்லின் பூர்வீகம்

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைத்தெருக்களிலும் செலாயாங் வட்டாரத்து மளிகைக் கடைகளிலும் தமிழ்க் குடும்பங்கள் விரும்பி வாங்கும் அரிசி பொன்னி. மூட்டையின்மேல் இந்தியா என்று அச்சிட்டிருக்கும். பெயரோ காவிரியின் பெயர். ஆதலின், சோழநாட்டு மண்ணில் தொன்றுதொட்டு விளைந்துவரும் நெல் என்றே பலரும் அதனைக் கருதுவர். உண்மை அதற்கு மாறானது. பொன்னி, மலாயா நெல் ஒன்றின் வழிவந்து, மலாயா வயல்களுக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டு, பின்னர்க் கடல் கடந்து தமிழகம் புகுந்த நெல். புதுநிலம் திருத்தாமல், இருக்கும் வயலிலேயே ஆண்டுக்கு இருமுறை விளைவிக்க வேண்டும் என்ற தேவையே அது தோன்றக் காரணம்.

இரப்பரையும் ஈயத்தையும் ஏற்றுமதி செய்த மலாயா, சோற்றுக்குப் பர்மாவையும் சயாமையும் நம்பி வாழ்ந்த நாடு. தேவையான அரிசியில் பாதிக்கு மேல் கப்பலிலேயே வந்தது. முதல் உலகப் போர் முடிந்ததை ஒட்டிய ஆண்டுகளில் வரத்துக் குன்றி, விலை ஏறி, பெருந்தட்டுப்பாடு உண்டாயிற்று. ஜப்பானியர் ஆட்சி நடந்த 1942 முதல் 1945 வரையிலான காலத்தில் தோட்டத்து மக்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் காத்தனர். அது ஏட்டைப் புரட்டி அறிய வேண்டிய செய்தியன்று. தோட்டத்துக் குடும்பங்களில் பாட்டிமார் சொல்லிச் சொல்லி வழங்கிவருவது.

இக்குறையைத் தீர்க்க ஆட்சியாளர் முதலில் நாடியது நீரைத்தான். பேராக் மாநிலத்துக் கிரியானில், குராவ், மேரா ஆறுகளின் நீரைப் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தில் தேக்கிய பாசனத் திட்டம் 1906இல் நிறைவெய்தியது. அவ்வட்டாரத்துப் பாகான் செராயில், கத்தோலிக்கப் பாதிரிமாரின் முயற்சியால், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தமிழ்க் குடும்பங்கள் குடியேறியிருந்தன. நம்மவர் வரலாறு இரப்பர் மரத்தடியிலேதான் தொடங்கியது என்று எண்ணுவோர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நலம். பின்னர் 1932இல் வடிகால் நீர்ப்பாசன இலாகா அமைந்தது. செலாயாங்கிற்கு வடமேற்கே, சிலாங்கூரின் கடலோரத்தில் உள்ள தஞ்சோங் காராங் சதுப்பு நிலம் அதன் பின்னரே பெரும் நெல்வயலாயிற்று. பெர்ணம் ஆற்று நீரைத் திருப்பி, ஊட்டுக் கால்வாய் வழியே தெங்கி ஆற்றிற் சேர்த்து, அங்கிருந்து தலைமைக் கால்வாயால் வயல்களுக்குப் பகிர்ந்தனர். இன்று ஏறத்தாழ 20,000 ஹெக்டர் அந்நீரால் விளைகிறது.

நீர் வந்துவிட்டால் ஆண்டிற்கு இருபோகம் எளிது என்று தோன்றும். ஆனால் அங்ஙனம் நடவாமைக்குக் காரணம் விதையில் இருந்தது. பழைய நெல் வகைகள் பகலின் நீளத்தை உணர்ந்தே பூக்கும். சம்பாவைக் குறுவைப் பட்டத்தில் விதைத்தால் அது கதிர் ஈனாது காத்து நிற்கும் என்பதைத் தஞ்சை உழவர் அனுபவத்தால் அறிவர். ஆயினும் நிலநடுக்கோட்டை ஒட்டிய மலாயாவில் பகலும் இரவும் ஏறக்குறைய ஒரே அளவின அல்லவா? மலாக்காவில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 14 நிமிடமே. அந்த 14 நிமிடத்தையும் நெற்பயிர் உணர்ந்தது! டோர் என்னும் ஆராய்ச்சியாளர் 1959இல் வெளியிட்ட முடிவின்படி, சயாம் 29 என்ற நெல் செப்டம்பரில் விதைத்தபோது 161 நாளிற் பூத்தது. ஜனவரியில் விதைத்தபோது 329 நாள் ஆயிற்று. ஓராண்டில் ஏறத்தாழ 11 மாதம் வயலை அடைத்துக்கொள்ளும் பயிரை வைத்துக்கொண்டு இரண்டாம் போகத்தைப் பற்றிப் பேசுவதெங்ஙனம்? கால்வாயில் நீர் ஓடியும் வயல் பாதி ஆண்டு வெறுமையாகக் கிடந்ததன் மருமம் இதுவே.

ஜப்பானியர் தம் ஆட்சிக்காலத்தில் தைவானிலிருந்து பெபிஃபூன் முதலிய குறுகிய வயதுள்ள நெற்களைக் கொணர்ந்து இருபோகம் முயன்றனர். ஆட்சி கொடிது, விதை நல்லது. போருக்குப் பின்னும் அவ்விதைகள் சில இங்கே தங்கின. ஆனால் அவற்றின் சோறு உள்நாட்டார் நாவிற்கு ஏற்கவில்லை.

இந்நிலையில்தான் உலக உணவு விவசாய நிறுவனத்தின் ஆதரவில் 1950-களில் ஒரு பெருமுயற்சி தொடங்கியது. ஒரிசாவின் கட்டாக் நகரில் 1946இல் நிறுவப்பட்ட மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் அதற்குக் களமாயிற்று. அந்நிலையத்தின் முதல் இயக்குநர் கே. இராமையா, முன்னர்க் கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிப் பெயர் பெற்றவர். உரத்தை ஏற்று விளையும் ஜப்பானிய இனத்தையும், வெப்ப நாட்டிற்கு இயைந்த இந்திய இனத்தையும் மணம் கூட்டுவதே நோக்கம். பல நாடுகளின் நெற்கள் கட்டாக்கிற்குச் சென்றன. ஒட்டுச் சேர்த்த விதைகள் அந்தந்த நாட்டிற்கே மீண்டன. எண்ணற்ற ஒட்டுகள் செய்தும், வயலில் நிலைத்துப் பெயர் பெற்றவை விரல்விட்டு எண்ணத் தக்கவையே. அவற்றுள் ஒன்று தஞ்சை மாவட்டத்துக் குறுவையில் பரவிய ஆடுதுறை 27. இரண்டு மலேசியாவுடையவை: 1964இல் மாலிஞ்சா, 1965இல் மசூரி.

மாயாங் எபோஸ் 80 என்னும் மலாயா நெல்லுக்கும், தைச்சூங் 65 என்னும் தைவான் நெல்லுக்கும் பிறந்தது மசூரி. கொழும்புத் திட்டத்தின்கீழ் வந்த ஜப்பானிய வல்லுநரும் உள்நாட்டாரும் செபராங் பிறையின் பும்போங் லீமாவில் அதனைத் தேர்ந்து நிலைப்படுத்தினர். பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாது, எப்பருவத்தில் விதைத்தாலும் உரிய நாளில் முற்றியது; தைவான் நெல்லைப் போலன்றிச் சோறும் உதிரியாய், சுவையாய் இருந்தது. இலங்காவித் தீவின் பழங்கதையில் பழிசுமத்தப்பட்டு மடிந்த நங்கையின் பெயரும் மசூரியே. அவள் சாபத்தால் நெல் எரிந்து கரியான இடம் என்று ஓரிடத்தை அத்தீவில் இன்றும் காட்டுவர். அப்பெயர் கொண்ட நெல் பல நாட்டின் பசி தீர்த்தது. வங்க தேசத்தார் அதனைப் பாஜம் என்பர். பாகிஸ்தான், ஜப்பான், மலேசியா என்னும் மூன்று பெயரின் முதலெழுத்துக் கூட்டு அது.

ஆந்திரம் வழியே இந்தியாவிற் பரவிய மசூரியைத் தமிழ்நாட்டு உழவர் பொன்னி என்றனர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986இல் வெளியிட்ட வெள்ளைப் பொன்னி அதன் தேர்வே. ஆந்திரத்தின் பாபட்லாவிற் பிறந்த சம்பா மசூரிக்கும் அது பெற்றோருள் ஒன்று.

இங்கே 1960-களிற் பரவத் தொடங்கிய இருபோகம், பெடு, மூடா அணைகள் எழுந்தபின் 1970 முதல் கெடா சமவெளியிலும் வேரூன்றியது. அதற்கு விலையும் உண்டு. ஒருபோகக் காலத்தில் கிரியான் வயல்நீரில் செப்பாட், ஹாருவான் மீன்கள் பெருகி, ஏழை உழவர்க்கு இரண்டாம் வருவாயாயின. வயல் இடையறாது உழப்பட்டு, பூச்சிமருந்தும் சேர்ந்தபின் மீன்கள் குன்றின. இக்கணக்கை நெல் மூட்டையை எண்ணுவோர் சேர்ப்பதில்லை. மசூரியும் குறையற்றதன்று, உயரமான பயிர் ஆதலின் உரம் மிகுந்தால் சாயும், நோய்க்கும் இளகும். மலேசிய வயல்களில் அதன் இடத்தைப் பிற்காலத்தில் குட்டையான புது வகைகள் பிடித்துக்கொண்டன.

தஞ்சோங் காராங் திட்டத்தின் ஒரு பகுதியான செக்கிஞ்சானில் மருந்தைக் கூட்டாமலே விளைச்சலைக் காக்கும் முயற்சிகளைக் காணலாம். வயலை மட்டம் பிடித்து நீரைச் சீராகப் பாய்ச்சுகின்றனர். எலிகளை அடக்க, வயலிடையே பெட்டிகள் நாட்டிக் கூகைகளைக் குடிவைத்திருக்கின்றனர். ஆயினும் எல்லாவற்றிற்கும் அடி நீரே. அத்திட்டத்தின் கிழக்கெல்லையில் கிடக்கும் இராஜா மூசா முதலிய முற்றாநிலக்கரிச் சதுப்புக் காடுகள் மழைநீரைக் கடற்பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக் கோடையிற் கசியவிடுகின்றன. அவற்றில் வடிகால் வெட்டிய இடங்கள் காய்ந்து, வறட்சிக் காலங்களில் பன்முறை தீப்பற்றின. வெட்டிய வடிகால்களை மறித்து நீர்மட்டத்தை உயர்த்தும் வேலை இப்போது நடைபெறுகிறது.

இந்தியா 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடுத்தது. அவ்வாண்டு அக்டோபரில் மலேசியாவிற்கு 1,70,000 டன் அனுப்பச் சிறப்பு இசைவு அளித்தது. தடை நீங்கியது 2024 செப்டம்பரில்.