யாருடைய அச்சுக்கூடம்?

யாழ்ப்பாணத்திலே அச்சியந்திரத்தின் வரலாறு ஓர் அச்சகரை நாட்டைவிட்டுப் போகச் சொன்ன கதையோடு தொடங்குகிறது. அமெரிக்க மிஷன் தன் அச்சுவேலைக்கென்று வரவழைத்த ஜேம்ஸ் கரெற் 1820 இலே இங்கு வந்து சேர்ந்தார். அவ்வேளை இலங்கையின் ஆட்சிப் பொறுப்பிலிருந்தவர் எட்வர்ட் பார்ன்ஸ். முந்திய தேசாதிபதி பிரவுண்றிக் அமெரிக்கப் பாதிரிமாரை ஆதரித்தவர்; பார்ன்ஸ் அப்படியானவரல்லர். புதிதாக வரும் அமெரிக்கருக்கு இங்கே இடமில்லை என்பது அவர் கட்டளை. கரெற் எதை அச்சிடப்போகிறார் என்று பார்ன்ஸ் பார்த்திருக்க நியாயமில்லை. எழுத்துக் கோக்கத் தெரிந்த ஓர் அந்நியன் தீவில் இருப்பதே போதுமான குற்றமாயிற்று. கரெற் பம்பாய்க்குப் போய், அங்குள்ள மிஷன் அச்சுக்கூடத்திலே பணிசெய்து காலமானார்.

நேயர்களே, பத்திரிகைச் சுதந்திரம் என்றதும் ஆசிரியரின் பேனாவையே நாம் நினைக்கிறோம். நமது குடாநாட்டு வரலாற்றைப் பார்த்தால் இயந்திரம், எழுத்து, மை, கடதாசி ஆகியவை யாருடைய கையில் இருந்தன என்ற கேள்வியே முன்னுக்கு நிற்கிறது. மிஷனுக்கு இன்னோர் அச்சகரைக் கொண்டுவரப் பதினான்கு ஆண்டுகள் சென்றன. 1834 இலே ஈஸ்ற்மன் மைனர் வந்த பின்னரே மானிப்பாய் அச்சுக்கூடம் சுறுசுறுப்படைந்தது. 1841 ஜனவரி 7 ஆந் திகதி தமிழும் ஆங்கிலமுமாக 'உதயதாரகை' வெளியாயிற்று. வட்டுக்கோட்டை செமினறியிலே கற்ற ஹென்றி மார்ட்டின், சேத் பேய்சன் என்ற இரு தமிழர்கள் அதன் ஆசிரியர்கள். பெயரைக் கண்டு வெள்ளைக்காரர் என்று எண்ணிவிடவேண்டாம். அக்காலச் செமினறி மாணவர்க்குப் பெயர்கள் அப்படித்தான் வந்து சேர்ந்தன.

உதயதாரகை பக்கச்சார்புள்ள பத்திரிகையா? சார்புள்ளதுதான், அதை அது ஒளிக்கவுமில்லை. பூகோளமும் வானசாஸ்திரமும் நாட்டு நடப்பும் அதில் வந்தன. கிறிஸ்துமதப் பிரசாரமும் சைவக் கண்டனமும் கூடவே வந்தன. சைவர்கள் எழுதியனுப்பிய கடிதங்களுக்கும் இடங்கிடைத்ததுண்டு. எனினும் எந்தக் கடிதத்தை எடுப்பது, எந்தக் கடிதத்துக்கு அடியிலே மறுப்பு எழுதுவது என்று தீர்மானித்தவர்கள் மானிப்பாயில் இருந்தார்கள். பிறருடைய முற்றத்திலே விவாதிப்பவன் வீட்டுக்காரன் கதவைச் சாத்தும்வரைதான் பேசலாம்.

இதை நல்லூர் ஆறுமுக நாவலரைப்போல விளங்கிக்கொண்டவர் வேறொருவரில்லை என்பேன். பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்பிலே கைகொடுத்தவர் அவர். அச்சேறிய எழுத்தின் வலிமையை மிஷனுக்குள் இருந்தே கண்டவர். உதயதாரகை சைவத்தைத் தூற்றுகிறது, அதை நிறுத்தவேண்டும் என்று அவர் அரசாங்கத்திடம் போயிருக்கலாம். போகவில்லை. 1848 இலே வண்ணார்பண்ணையில் பாடசாலையைத் தொடக்கி, மறு ஆண்டு சென்னைக்குச் சென்று ஓர் அச்சியந்திரத்தை வாங்கி வந்தார். பாலபாடங்களும் புராண வசனங்களும் அவருடைய அச்சுக்கூடங்களிலிருந்து வெளிவந்தன. 1854 இலே 'சைவதூஷண பரிகாரம்' வந்தது. நமது உரைநடையின் பெரும்பகுதி இந்தச் சண்டையிலே பிறந்ததென்பதை வகுப்பிலே சொல்லும்போது மாணவர் சிரிப்பார்கள். உண்மை அதுதான்.

பிறகு வழி திறந்துவிட்டது. கத்தோலிக்கரின் 'சத்தியவேத பாதுகாவலன்' 1876 இலே வந்தது. சைவபரிபாலன சபையாரின் 'இந்துசாதனம்' 1889 இலே வந்தது. 1930 இலே நா. பொன்னையா 'ஈழகேசரி'யைத் தொடங்கினார். ஈழத்துச் சிறுகதை கால்பிடித்து நடந்தது அதன் பக்கங்களில்தான். கணேசையர் குறிப்புக்களோடு தொல்காப்பியத்தை அச்சேற்றியவரும் அதே பொன்னையாதான். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு சார்பு இருந்தது. ஒன்று விட்டதை மற்றது எழுதிற்று. எல்லாமே விட்டுவிட்டவையும் இருந்தன என்பதை மறைக்கக்கூடாது. கோயில் வாசலிலும் தேநீர்க்கடையிலும் தடுத்து நிறுத்தப்பட்டவர்கள் நெடுங்காலம் செய்தியாகவேயில்லை. அவர்களிடம் அச்சுக்கூடம் இருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே கதை இருண்டது. 1973 இலே லேக்ஹவுஸ் நிறுவனம் சட்டத்தின்மூலம் அரசின் பிடிக்குள் வந்தது. பத்திரிகைச் சபைச் சட்டமும் அதே ஆண்டிலேயே வந்தது. 1959 இலே தொடங்கிப் பின்னர் நாளிதழான 'ஈழநாடு', யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பரான 1981 ஆம் ஆண்டின் அந்த நாட்களிலேயே எரிக்கப்பட்டது. பார்ன்ஸ் அச்சகரை அனுப்பிவிட்டார். இவர்கள் இயந்திரத்தையே கொளுத்தினார்கள்.

தொண்ணூறுகளின் முதற்பாதியில் நான் உரும்பிராயிலே மாணவன். பொருளாதாரத் தடையால் பத்திரிகைக் கடதாசி வரவில்லை. பாடசாலைக் கொப்பியின் கோடிட்ட தாளிலே பத்திரிகை அச்சாயிற்று. எழுத்துக்களுக்குக் குறுக்கே நீலக்கோடு ஓடும். மின்சாரமில்லை. வாசிகசாலையிலே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவிலே வானொலி பாடும். கொழும்பு வானொலி ஒன்று சொல்லும், வெரித்தாஸ் ஒன்று சொல்லும், பி.பி.சி. தமிழோசை வேறொன்று சொல்லும். மூன்றையும் கேட்டு, உள்ளூர்ப் பத்திரிகையையும் வாசித்து, "இதிலை பாதியைக் கழி, அதிலை காலைக் கூட்டு" என்று பெரியவர்கள் கணக்குப் பார்ப்பார்கள். செய்தியை இப்படி வாசிக்கப் பழக்கியது எங்கள் பாடத்திட்டமன்று.

அந்தக் கணக்கிலும் வராத செய்திகள் இருந்தன. குடாநாட்டை அன்று தம் கட்டுப்பாட்டிலே வைத்திருந்த விடுதலைப் புலிகளுக்கு ஒவ்வாததை அச்சிடுவது எளிதன்று. 'தோழி' என்ற பெண்கள் சஞ்சிகையை நடத்திய கவிஞர் செல்வியை 1991 இலே அவர்கள் பிடித்துச் சென்றார்கள். அவர் திரும்பி வரவில்லை. அரச தணிக்கையைப் பற்றி உரத்துப் பேசும் நாங்கள் அந்தப் பெண்ணைப்பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். எனக்கு அது சரியாகப் படவில்லை.

2000 ஒக்ரோபர் 19 ஆந் திகதி இரவு, ஊரடங்கு வேளையிலே, செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்திலே தம் வீட்டில் வைத்துக் கொல்லப்பட்டார். தமிழோசைக்கும் பி.பி.சி.யின் சிங்கள சேவைக்கும் செய்தி அனுப்பியவர் அவர்; இரு மொழிக்காரரும் அவர் கண்ணால் யாழ்ப்பாணத்தைக் கண்டார்கள். 2006 மே 2 ஆந் திகதி 'உதயன்' அலுவலகத்துள் புகுந்த ஆயுததாரிகள் ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் உலக பத்திரிகைச் சுதந்திர தினம். அதற்கான யுனெஸ்கோ மாநாடு அவ்வாண்டு நடந்த நகரம் கொழும்பு. உதயன் மறுநாளும் வெளிவந்தது.

இப்போது கைத்தொலைபேசி வைத்திருப்பவர் எல்லோரிடமும் ஓர் அச்சுக்கூடம் இருக்கிறது. 2024 இலே நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. சென்ற தவணை, நூலக நிறுவனத்தார் எண்ணிமமாக்கி வைத்திருக்கும் 'ஈழகேசரி' இதழொன்றைப் பத்தாந் தரப் பிள்ளைகளுக்குத் திரையிலே காட்டினேன். ஒரு மாணவி செய்தியை வாசிக்கவில்லை. இதழின் அடிப்பக்கத்துக்குப் போய், "சேர், இதை அச்சடிச்சது ஆர் எண்டு எங்கை போட்டிருக்கு?" என்று தேடிக்கொண்டிருந்தாள்.