ஆற்றங்கரையில் ஒரு சாட்சியம்: மருக்கி ஓவியக்கூடத்தில் ஒரு பகல்

முகாமில் இருந்த காலத்தில் என் தம்பிக்குப் பதினொரு வயது. நிவாரணமாகக் கிடைத்த ஒரு அப்பியாசக் கொப்பியில் அவன் படம் கீறிக்கொண்டிருப்பான். பங்கர், தறப்பாள் கொட்டில், கடற்கரை மணலில் கிடந்தவர்கள் என்று பக்கம் பக்கமாகக் கீறினான். ஒருநாள் கூடாரங்களைச் சோதிக்க வருகிறார்கள் என்ற கதை பரவியதும் அம்மா அந்தக் கொப்பியை அடுப்பில் வைத்துவிட்டார். அதில் ஆயுதமோ கொடியோ இருக்கவில்லை. எங்களுக்கு நடந்ததுதான் இருந்தது. அதுவே பயப்படப் போதுமானதாக இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சிக்காக ஜப்பான் சென்றிருந்தபோது கிடைத்த ஓய்வு நாளில் மருக்கி ஓவியக்கூடத்தைத் தேடிப் போனதற்கு அந்தக் கொப்பிதான் காரணம். ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த பிறகு அங்கு கண்டதை வரைந்த ஒரு தம்பதியினர் தாங்கள் வாழ்ந்த இடத்திலேயே கட்டிய ஓவியக்கூடம் அது.

வயல்களைத் தாண்டி

டோக்கியோவின் இகேபுகுரோ நிலையத்திலிருந்து புகையிரதத்தில் வடமேற்கே ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் போனால் சைத்தாமா மாகாணத்தின் ஹிகாஷிமட்சுயாமா வரும். அங்கிருந்து ஓவியக்கூடம் சில கிலோமீற்றர் தூரம். வீடுகள் குறைந்து வயலும் மரங்களும் கூடும்போது இடம் நெருங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். கீழே தொக்கி என்ற சிறிய ஆறு ஓடுகிறது. மேட்டில், மரங்களுக்கு இடையில் ஓவியக்கூடம் நிற்கிறது. பெரிய நூதனசாலைகளுக்குரிய பளிங்குப் படிகளோ கூட்டமோ அங்கு இல்லை. படலையைத் திறந்து ஒரு உறவினர் வளவுக்குள் போவதுபோலவே இருந்தது.

இரி மருக்கி 1901இல் ஹிரோஷிமா மாகாணத்தில் பிறந்தவர். மரபான ஜப்பானிய மை ஓவியத்தில் தேர்ந்தவர். அவருடைய மனைவி தோஷி 1912இல் வட தீவான ஹொக்கைடோவில் பிறந்தவர். மேலைத்தேய முறையில் எண்ணெய் வண்ண ஓவியம் பயின்றவர், மனித உடலை வரைவதில் கைதேர்ந்தவர். இருவரும் 1941இல் திருமணம் செய்துகொண்டார்கள். 1966இல் இந்த ஆற்றங்கரைக்குக் குடிவந்து, அடுத்த ஆண்டே தங்கள் ஓவியங்களுக்காக இந்தக் கூடத்தைத் திறந்தார்கள். யார் வந்தாலும் எப்போது வந்தாலும் இந்த ஓவியங்களைப் பார்க்க ஒரு நிலையான இடம் வேண்டும் என்பதே அவர்களின் எண்ணம்.

மூன்று ஆண்டு மௌனம்

1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி குண்டு விழுந்தபோது இருவரும் ஹிரோஷிமாவில் இருக்கவில்லை. இரியின் பெற்றோரும் உறவினரும் அங்கு இருந்தார்கள். செய்தி அறிந்து மூன்றாம் நாள் இரி அங்கு போய்ச் சேர்ந்தார். சில நாட்களில் தோஷியும் போனார். காயப்பட்டவர்களைத் தூக்கினார்கள், இறந்தவர்களை எரித்தார்கள், உணவு தேடி அலைந்தார்கள். இரியின் மாமனார் முறையான ஒருவரும் இரண்டு மருமக்களும் இறந்துபோனார்கள். ஆறு மாதங்களின் பின் தந்தையும் இறந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறத்தாழ 140,000 பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது.

அவர்கள் உடனே வரையத் தொடங்கவில்லை. 1948 அளவில்தான் தூரிகையை எடுத்தார்கள். கண்டதை வரையக் கை வருவதற்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. இதை வாசித்தபோது எங்கள் வீடுகளில் இன்னும் பேசப்படாமல் இருக்கும் கதைகள் நினைவுக்கு வந்தன. பேசாமல் இருப்பவர் மறந்துவிட்டார் என்று அர்த்தமில்லை.

மௌனத்துக்கு வெளியிலும் ஒரு காரணம் இருந்தது. அப்போது ஜப்பான் அமெரிக்கப் படைகளின் ஆக்கிரமிப்பின் கீழ் இருந்தது. அணுகுண்டின் விளைவுகளைப் பற்றி எழுதுவதும் படங்களை வெளியிடுவதும் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன. 1950இல் முதல் ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தபோது அணுகுண்டு என்ற சொல்லைத் தவிர்த்து, ‘ஓகஸ்ட் 6’ என்று ஒரு திகதியை மட்டுமே தலைப்பாக வைத்தார்கள். பார்த்தவர்களுக்குப் புரிந்தது. பெயர் சொல்ல முடியாத காலத்தில் ஒரு திகதி எவ்வளவு பேசும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு மே மாதத் திகதியை இவ்வளவு காலமாகச் சுமந்துகொண்டிருப்பவர்கள் நாங்கள்.

தணிக்கை இருந்த காலத்திலேயே அந்த ஓவியங்களைச் சுருட்டிக்கொண்டு ஊர் ஊராகக் காட்டினார்கள். பின்னர் அவை இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயின.

சுவரில் நிற்கும் மனிதர்கள்

ஹிரோஷிமா ஓவியங்கள் மொத்தம் 15. முதலாவது 1950இலும் கடைசி 1982இலும் வரையப்பட்டன. பதினைந்தாவது நாகசாகி நகரில் இருக்கிறது. மற்ற 14உம் இந்தக் கூடத்தில் உள்ளவை. ஒவ்வொன்றும் 1.8 மீற்றர் உயரமும் 7.2 மீற்றர் நீளமும் கொண்டது. எட்டுப் பலகைகளாக மடிக்கக்கூடிய ஜப்பானியத் திரை வடிவில் அமைந்தது. உருவங்கள் ஏறக்குறைய ஆளளவு. எனவே நீங்கள் படத்தைப் பார்ப்பதில்லை, அவர்களுக்கு முன்னால் நிற்கிறீர்கள்.

முதல் ஓவியத்தின் பெயர் ‘பேய்கள்’. உடைகள் எரிந்து, தோல் உரிந்து தொங்க, கைகளை முன்னே நீட்டியபடி ஒரு கூட்டம் நடந்து வருகிறது. பெரும்பாலும் கறுப்பு மைதான். அந்தக் குவியலுக்குள் ஒரு குழந்தை உறங்குவதுபோலக் கிடக்கிறது. அடுத்த ஓவியமான ‘தீ’யில் செந்நிறச் சுவாலை உடல்களைச் சுற்றிக்கொள்கிறது. மூன்றாவது ‘நீர்’. தாகத்தில் ஆற்றை நோக்கி வந்து அங்கேயே இறந்தவர்கள், இறந்த பிள்ளையைக் கையில் வைத்திருக்கும் ஒரு தாய். அந்தத் தாயின் முன் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. நந்திக்கடலைக் கடந்து வந்தவர்கள் யாரும் அந்த ஓவியத்தை விரைவாகக் கடந்து போக முடியாது.

இருவரும் எப்படிச் சேர்ந்து வரைந்தார்கள் என்பதும் அறியவேண்டியது. தோஷி மனித உடல்களைத் துல்லியமாக வரைவார். இரி அதன்மேல் மையைக் கரைத்து ஊற்றுவார். காய்ந்த பிறகு தோஷி மறைந்த கோடுகளை மீண்டும் வரைவார். மறுபடி மை விழும். கோபமும் வாக்குவாதமும் இல்லாமல் இது நடக்கவில்லை. அருகில் போய்ப் பார்த்தால் மை மூட்டத்துக்குள் ஒரு விரல், ஒரு காது, ஒரு குழந்தையின் குதிக்கால் தெளிவாகத் தெரிகிறது. தூரத்தில் ஒரு திரளாகத் தெரிவது கிட்டப்போனால் ஆளாளாகப் பிரிகிறது. எண்ணிக்கையாகச் சொல்லப்படும் இறந்தவர்களை ஒவ்வொருவராகத் திருப்பித் தரும் வேலையை அந்தக் கோடுகள் செய்கின்றன.

ஒன்பதாவது ஓவியமான ‘யாய்சு’ ஒரு மீன்பிடித் துறைமுகத்தைப் பற்றியது. 1954 மார்ச் 1ஆம் திகதி பிக்கினித் தீவில் அமெரிக்கா நடத்திய ஐதரசன் குண்டுப் பரிசோதனையின் சாம்பல், யாய்சுவிலிருந்து கடலுக்குப் போயிருந்த ஒரு படகின் 23 பேர் மீதும் விழுந்தது. அவர்களில் ஒருவர் அதே ஆண்டில் இறந்தார். ஓவியத்தில் கரையோர மக்கள் நின்றபடி எங்களை நேராகப் பார்க்கிறார்கள்.

மற்றவர்களின் இறந்தவர்கள்

இதுவரை கண்டவை எனக்கு ஓரளவு பழக்கமான வலிகள். நான் எதிர்பாராதவை 13ஆம், 14ஆம் ஓவியங்கள்.

1971இல் வரைந்த 13ஆவது ஓவியம் ஹிரோஷிமாவில் இறந்த அமெரிக்கப் போர்க்கைதிகளைப் பற்றியது. தங்கள் நாட்டின் குண்டிலேயே அகப்பட்டவர்கள் அவர்கள். குண்டுக்குத் தப்பிய கைதிகள் ஹிரோஷிமா மக்களின் கையால் தாக்கப்பட்டதையும் அந்த ஓவியம் சொல்கிறது. 1972இல் வரைந்த ‘காகங்கள்’ கொரியர்களைப் பற்றியது. ஜப்பானின் ஆட்சியின் கீழ் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் உட்பட ஆயிரக்கணக்கான கொரியர்கள் அந்தக் குண்டில் இறந்தார்கள். அவர்களின் உடல்கள் கடைசிவரை அகற்றப்படாமல் கிடந்தன, காகங்கள் வந்து கொத்தின. மரணத்திலும் பாகுபாடு இருந்தது. கருங்காகக் கூட்டத்துக்கு நடுவே கொரியப் பெண்களின் வெள்ளை உடைகள் மிதக்கின்றன.

பாதிக்கப்பட்ட ஊரின் ஓவியர்கள் இதை ஏன் வரைந்தார்கள்? 1970இல் ஓவியங்களோடு அமெரிக்கா போனபோது அங்கு ஒருவர் அவர்களிடம் கேட்டார்: ஜப்பானியப் படைகள் நாஞ்சிங்கில் செய்த படுகொலையைச் சீன ஓவியர் ஒருவர் வரைந்து உங்கள் நாட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன செய்வீர்கள்? அவர்கள் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. 1975இல் நாஞ்சிங் படுகொலையையும், 1977இல் ஆஷ்விற்ஸையும், 1980இல் இரசாயனக் கழிவால் நஞ்சூட்டப்பட்ட மினமாட்டா மீனவ மக்களையும் பெரும் ஓவியங்களாக வரைந்தார்கள். இவையும் இந்தக் கூடத்தில் இருக்கின்றன.

‘காகங்கள்’ ஓவியத்தின் முன் நிற்கும்போது 1990 ஒக்டோபர் நினைவுக்கு வந்தது. வடக்கிலிருந்து முஸ்லிம்கள் சில மணித்தியால அவகாசத்தில், கையில் அகப்பட்டதோடு வெளியேற்றப்பட்டார்கள். வெளியேற்றியது எங்கள் பெயரால் போராடியவர்கள். அப்போது நான் பிறந்திருக்கவில்லை. ஆனாலும் எங்கள் தெருவில் பூட்டிக்கிடந்த ஒரு வீட்டைப் பற்றி வீட்டில் யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மற்றவரின் இழப்பைச் சொன்னால் எங்கள் இழப்பு சிறுத்துவிடும் என்ற பயம் எங்களிடம் இருக்கிறது. இந்தக் கூடத்தில் அப்படி நடக்கவில்லை. கொரியர்களுக்கு ஒரு சுவரைக் கொடுத்ததால் ‘நீர்’ ஓவியத்தின் தாய் சிறுத்துவிடவில்லை. அவர்களையும் வரைந்தவர்கள் சொல்வதால்தான் அவளைப் பற்றிச் சொல்வதும் கூடுதலாக நம்பப்படுகிறது.

வீடும் வளவும்

இருவரும் வேலை செய்த அறையும் வளவுக்குள்ளேயே பேணப்படுகிறது. சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பாய் விரித்த தரையில் உட்கார்ந்தால் யன்னலுக்கு வெளியே ஆறு தெரியும். இந்த இடம் இரிக்குத் தன் ஊர் ஆற்றை நினைவூட்டியதாகச் சொல்வார்கள். உள்ளே அவ்வளவு பயங்கரத்தைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது, தினமும் அதை வரைந்தவர்களுக்கு இந்தத் தண்ணீர் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று விளங்கியது.

ஓவியக்கூடத்தில் இரியின் தாயார் சுமாவின் படங்களும் உண்டு. 1875இல் பிறந்த அவர் வாழ்நாளெல்லாம் உழைத்த கிராமத்துப் பெண். குண்டுக்குத் தப்பியவர். எழுபது வயதைத் தாண்டிய பிறகு, மகனும் மருமகளும் ஊக்கப்படுத்தியதால் வரையத் தொடங்கினார். பூனை, கோழி, மீன், பூக்கள் என்று நிறம் நிறமாக வரைந்தார். 1956இல் இறக்கும்வரை அந்தக் கை ஓயவில்லை.

வளவில் ஒரு நினைவுக்கல்லும் இருக்கிறது. 1923ஆம் ஆண்டு கன்ரோ நிலநடுக்கத்தின் பின், வதந்திகளை நம்பிய கும்பல்களால் கொல்லப்பட்ட கொரியர்களுக்கானது. ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்ட் 6ஆம் திகதி மக்கள் இங்கு கூடி, ஹிரோஷிமாவில் செய்வதுபோல ஆற்றில் விளக்குகளை மிதக்கவிடுகிறார்கள்.

இரி 1995இலும் தோஷி 2000இலும் காலமானார்கள். இது அரசாங்கம் நடத்தும் நூதனசாலை அல்ல. நுழைவுக் கட்டணம், நண்பர் வட்டத்தின் சந்தா, நன்கொடைகள் ஆகியவற்றால் நடக்கிறது. அதனால் பணக்கஷ்டமும் உண்டு. எதைச் சுவரில் மாட்டலாம் என்று மேலிருந்து யாரும் சொல்லாத சுதந்திரமும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் 2021 ஜனவரியில் ஒரே இரவில் இடிக்கப்பட்ட முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை, அதே ஆண்டு ஏப்ரலில் மீண்டும் எழுப்பிய எங்களுக்கு அந்தச் சுதந்திரத்தின் விலை தெரியும்.

திரும்பி வந்த பிறகு

ஊருக்கு வந்ததும் அம்மாவிடம் அந்தக் கொப்பியைப் பற்றிக் கேட்டேன். “அது இப்ப என்னத்துக்கு?” என்றார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. இரண்டு கிழமை கழித்து, முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தபோது தானாகவே சொல்லத் தொடங்கினார். முதல் பக்கத்தில் எங்கள் பழைய வீடும் கிணறும். அடுத்ததில் உழவு இயந்திரப் பெட்டிக்குள் அம்மம்மா. அதற்கடுத்ததில் பங்கர் வாசலில் சித்தப்பாவின் செருப்பு. எரித்தவருக்கு ஒரு பக்கம் விடாமல் நினைவிருந்தது.

தம்பி இப்போது வெளிநாட்டில். தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, செருப்பு எந்தப் பக்கம் இருந்தது என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னான். கேட்டேன். இடது பக்கம் என்றார் அம்மா. அதையும் குறித்துவைத்திருக்கிறேன்.